வீசாவுக்கு முன்னால் வீடு: வாடகை ஒப்பந்தம் சும்மா ஒரு பேப்பர் அல்ல

வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வீட்டிலிருந்தே கணினி வழியாக வேலை செய்யும் இளைஞர்கள் இன்று ரம்புக்கனையிலும் மாவனல்லையிலும் ஹெம்மாதகமையிலும் கணிசமாக இருக்கிறார்கள். கணக்கு எழுதுபவர், இணையத்தளம் வடிவமைப்பவர், அவுஸ்திரேலியாவிலுள்ள ஒரு கடைக்காக வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்பவர் என்று பல விதம். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது இவர்களில் பலர் வேலையை இழக்கும் நிலைக்கு வந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனை ரயில் கடவையருகே எரிபொருளுக்காக வீதிக்கு இறங்கிய மக்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். இனி இங்கிருந்து இந்தத் தொழிலைச் செய்ய முடியாது என்ற எண்ணம் பல வீடுகளில் அன்றைக்கே விழுந்துவிட்டது. அந்த ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காக நாட்டை விட்டுப் போனார்கள்.

ஆனால் நான் சொல்லும் இளைஞர்கள் வெளிநாட்டில் வேலை தேடிப் போகிறவர்கள் அல்லர். வேலை ஏற்கனவே கையில் இருக்கிறது, சம்பளம் டொலரில் வருகிறது. இன்னொரு நாட்டில் தங்கியிருந்து அதே வேலையைத் தொடர்வதற்கான அனுமதிதான் தேவை. கொரோனாவுக்குப் பிறகு பல நாடுகள் இதற்கென்றே தனி வீசா வைத்திருக்கின்றன. எஸ்தோனியா 2020 ஓகஸ்டில் தொடங்கியது. டுபாய் அதே ஆண்டு ஒக்டோபரில் அறிவித்தது. மலேசியாவின் 'டி ரந்தாவ்' திட்டமும் போர்த்துக்கலின் 'டி8' வீசாவும் 2022 ஒக்டோபரில் வந்தன. 2024இல் ஜப்பானும் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்குத் தகுதியான நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே யாராவது ஜப்பானின் பெயரைச் சொல்லிக் காசு கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

நான் ரம்புக்கனையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, கிராம சேவகர் கடிதம் என்று சிங்களத்தில் இருப்பதை ஆங்கிலத்துக்கு மாற்றித் தருவது என் தொழில். அதனால் வீசாவுக்குப் போகும் கோப்புகள் பெரும்பாலும் முழுமையாகவே என் மேசைக்கு வந்துவிடுகின்றன. சம்பளச் சான்று, வங்கிக் கூற்று, பொலிஸ் நற்சான்றிதழ், காப்புறுதி எல்லாவற்றையும் எம் பிள்ளைகள் கவனமாகத்தான் தயார் செய்கிறார்கள். அவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில். போகிற நாட்டில் எங்கே தங்கப்போகிறீர்கள், அதற்கு ஆதாரம் என்ன என்ற கேள்வியில்.

சுற்றுலா வீசா என்றால் ஹோட்டல் முன்பதிவு போதும். பணம் கட்டாமலே பதிவு செய்து, வீசா கிடைக்காவிட்டால் ரத்துச் செய்துவிடலாம். ஒரு வருடம், இரண்டு வருடம் வாழப்போகிறவருக்கு ஹோட்டல் அறை முகவரியாகாது என்று பல நாடுகள் கருதுகின்றன. குறிப்பாகப் போர்த்துக்கலின் வதிவிட வீசாவுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு மாத வாடகை ஒப்பந்தம் எதிர்பார்க்கப்படுகிறது. அது இல்லாதவர், அந்நாட்டில் சட்டபூர்வமாக வசிக்கும் ஒருவர் 'இவருக்கு நான் தங்குமிடம் தருகிறேன்' என்று கையொப்பமிட்டுத் தரும் பொறுப்புக் கடிதத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.

அதாவது வீசா கிடைக்குமா என்றே தெரியாத ஒருவர், கண்ணால் காணாத ஒரு வீட்டுக்கு, முகம் தெரியாத ஒரு மனிதரோடு ஒரு வருட ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வரவேண்டும். வீசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கு நட்டம் இல்லை. முற்பணம் வாங்கிய வீட்டுக்காரருக்கும் இல்லை. முழுவதும் விண்ணப்பதாரியின் தலையில்தான். இது நியாயமான ஏற்பாடா என்று கேட்டால் இல்லை என்றே சொல்வேன். ஆனாலும் விதி அப்படி இருக்கும்வரை, அந்த நட்டத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்றுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. நாம் யோசிக்காத இடத்தில் ஏஜெண்ட் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

கடந்த வருடம் ஒரே மாதத்தில் இரண்டு இளைஞர்கள் என்னிடம் வந்தார்கள். ஒருவர் எங்கள் ஊர், மற்றவர் மாவனல்லைப் பக்கம். ஒருவரை ஒருவர் தெரியாது. இருவரும் போர்த்துக்கலுக்குப் போக ஆயத்தமானவர்கள். இரண்டு கோப்புகளிலும் போர்த்துக்கேய மொழியில் வாடகை ஒப்பந்தம் இருந்தது. அந்த மொழி எனக்குத் தெரியாது. ஆனால் பெயரும் முகவரியும் திகதியும் எந்த மொழியில் எழுதினாலும் அடையாளம் தெரியும். லிஸ்பனில் அதே தெரு, அதே கட்டட இலக்கம், அதே மூன்றாம் மாடியின் இடப்பக்க வீடு, அதே நாளில் தொடங்கும் அதே பன்னிரண்டு மாதங்கள். வாடகைக்கு இருப்பவரின் பெயர் மட்டும் வேறு.

எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் கேட்டேன். "நானா, ஏஜெண்ட் செல்லுறார் இது சும்மா வீசாவுக்குக் குடுக்கிற பேப்பர்தானாம். அங்க போனப் பொறகு வேற வீடு பாத்துக்கலாமாம்" என்றார். அந்தச் சும்மா பேப்பருக்கு அவர் கொடுத்திருந்தது நான்கு இலட்சம் ரூபா. உம்மாவின் வளையல்கள் வங்கியில் அடகில் இருந்தன.

இதே வீடு இன்னொருவர் பெயரிலும் எழுதப்பட்டிருக்கிறது என்று இருவருக்கும் சொன்னேன், பெயரைச் சொல்லவில்லை. வீட்டின் உரிமைப் பத்திரத்தைக் காட்டும்படி ஏஜெண்டிடம் கேட்கச் சொன்னேன். இரண்டு நாள் "அனுப்புறேன்" என்றவர் மூன்றாம் நாளிலிருந்து தொலைபேசியை எடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளை கோப்பைச் சமர்ப்பிக்காமல் நிறுத்திக்கொண்டார். மற்றவர் என்னிடம் வரும்போதே சமர்ப்பித்திருந்தார், மேலதிக ஆவணம் ஒன்றின் மொழிபெயர்ப்புக்காகத்தான் வந்திருந்தார். அவருக்கு மறுப்புக் கடிதம் வந்தது. பணம் போனது ஒரு பக்கம். இனி எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் 'முன்னர் உங்களுக்கு வீசா மறுக்கப்பட்டதா' என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதி, காரணத்தையும் விளக்க வேண்டும். இருபத்தாறு வயதில் அந்தச் சுமை வந்து சேர்ந்துவிட்டது.

நம் ஊரில் பத்துப் பேர்ச் காணி வாங்குவதென்றாலும் கேகாலை காணிப் பதிவகத்துக்குப் போய் பதிவேட்டுப் பிரதி எடுத்துப் பார்க்காமல் எவரும் காசை எண்ணிக் கொடுப்பதில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து நம் நாட்டில் இருந்துவரும் விதி. அவ்வளவு பழக்கம் உள்ள சமூகம், கடல் கடந்த வீடு என்றதும் வட்ஸ்அப்பில் வந்த நான்கு புகைப்படங்களை நம்பிவிடுகிறது. அங்கேயும் காணிப் பதிவகம் இருக்கிறது, அங்கேயும் உரிமைப் பத்திரம் இருக்கிறது என்பது நினைவுக்கு வருவதில்லை.

மார்க்க ரீதியாகவும் இது பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாடகை என்பது இஜாரா. என்ன பயன், எவ்வளவு கூலி, எத்தனை காலம் என்ற மூன்றும் தெளிவாக இருந்தால்தான் அந்த உடன்படிக்கை செல்லும் என்று நமது ஃபிக்ஹ் நூல்கள் படிப்பித்திருக்கின்றன. குடியிருக்கும் எண்ணம் ஒரு தரப்புக்கும் இல்லாமல், வீட்டைத் தரும் எண்ணம் மறு தரப்புக்கும் இல்லாமல் எழுதப்படும் காகிதம் இஜாரா அல்ல, இருவர் சேர்ந்து மூன்றாமவரிடம் சொல்லும் பொய். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சொல்லும் சூரா பகராவின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்பதை எமது ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். எழுதச் சொன்னது நடந்ததை எழுதுவதற்கு.

சரி, உண்மையான ஒப்பந்தத்துக்கு எப்படிப் போவது? போர்த்துக்கலையே எடுத்துக்கொள்கிறேன். என் மேசைக்கு அதிகம் வருவது அந்நாட்டுக் கோப்புகள்தான், வீட்டு விடயத்தில் கண்டிப்பும் அங்கேதான் அதிகம். (1505இல் அவர்கள் கொழும்புக்கு வந்தபோது யாரும் வாடகை ஒப்பந்தம் கேட்கவில்லை. 1626இல் அவர்கள் எம் முன்னோரை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் இடம் கொடுத்தான். அதுவும் ஒப்பந்தம் இல்லாமல்தான். காலம் மாறிவிட்டது.) இன்று கொழும்பில் அவர்களுக்குத் தூதரகம் இல்லை. புதுடில்லியிலுள்ள தூதரகமே இலங்கைக்கும் பொறுப்பு.

வீட்டைத் தேடுமுன் வருமானத்தைப் பாருங்கள். அந்நாட்டின் ஆகக்குறைந்த மாதச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் டி8 வீசாவுக்கு வேண்டும். 2025இல் ஆகக்குறைந்த சம்பளம் 870 யூரோ. ஆகவே மாதம் 3,480 யூரோ, நம் பணத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் ரூபா. ஆண்டுதோறும் ஆகக்குறைந்த சம்பளம் உயரும்போது இதுவும் உயரும். இந்தத் தொகையைத் தொடாதவர் வீட்டுக்கு ஒரு சதமும் செலவழிக்கக் கூடாது. மிக அழகான ஒப்பந்தமும் குறைந்த வருமானத்தை ஈடுசெய்யாது. இதைச் சொல்லாமல் வீடு பிடித்துத் தருகிறேன் என்று காசு வாங்குபவர் உங்கள் நன்மைக்காகப் பேசுபவர் அல்ல.

வருமானம் சரி என்றால் அடுத்தது அந்நாட்டு வரி இலக்கம். ஒன்பது இலக்கங்கள் கொண்டது. வங்கிக் கணக்குத் திறப்பதிலிருந்து வீட்டு ஒப்பந்தம் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் கேட்கப்படும். இலங்கையில் இருந்துகொண்டே, அங்குள்ள ஒரு சட்டத்தரணிக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து இதைப் பெறலாம். இதற்குச் செலவழிக்கும் பணம் வீண் போகாது. வீசா மறுக்கப்பட்டாலும் அந்த இலக்கம் உங்களுடையதுதான், அடுத்த முறைக்கு உதவும்.

வீடு பார்க்கும்போது உரிமையாளர் யார் என்பதைத்தான் முதலில் கண்டறிய வேண்டும். போர்த்துக்கலில் ஒவ்வொரு சொத்துக்கும் இரண்டு ஆவணங்கள் உண்டு. ஒன்று வரித் திணைக்களம் தரும் சொத்து விபரப் பத்திரம். மற்றது காணிப் பதிவகத்தின் நிரந்தரச் சான்றிதழ். இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் அது இணையத்தில் இருக்கிறது. உரிமையாளர் ஒரு அணுகல் குறியீட்டைத் தந்தால் யாரும், எந்த நாட்டிலிருந்தும், அரசாங்க இணையத்தளத்தில் அதைப் போட்டு வீட்டின் தற்போதைய உரிமையாளர் பெயரையும் அதன் மீது அடகு ஏதும் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். ரம்புக்கனையில் உட்கார்ந்துகொண்டே ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. பி.டி.எஃப். ஆக அனுப்பிய சான்றிதழை ஏற்காதீர்கள், குறியீட்டைக் கேளுங்கள். பி.டி.எஃப்.ஐ யாரும் திருத்தலாம், அரசாங்கத் தளத்தைத் திருத்த முடியாது. உண்மையான வீட்டுக்காரர் குறியீட்டைத் தருவதில் தயங்க ஒன்றுமில்லை. தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அங்கு தோன்றும் பெயரும் ஒப்பந்தத்தில் வீட்டுக்காரராகக் கையொப்பமிடுபவரின் பெயரும் பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று மாறினாலும் ஏன் என்று எழுத்தில் பதில் வேண்டும். வீட்டுக்காரர் வேறொருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருக்கலாம், கணவன் மனைவி கூட்டுச் சொத்தாக இருக்கலாம். அதெல்லாம் இயல்பானவை, அவற்றுக்கும் பத்திரம் உண்டு.

எம்மவர் பலருக்குத் தெரியாத இன்னொரு படியும் இருக்கிறது. ஒப்பந்தம் கைச்சாத்தானால் வேலை முடிவதில்லை. வீட்டுக்காரர் அதை வரித் திணைக்களத்தில் பதிவு செய்து, ஒரு மாத வாடகையின் பத்து வீதத்தை முத்திரை வரியாகக் கட்ட வேண்டும். வாடகை தொடங்கிய மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் இதைச் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதன் பிறகு மாதாமாதம் இலத்திரனியல் வாடகைப் பற்றுச்சீட்டு வரும். வரி கட்ட விரும்பாத வீட்டுக்காரர்கள் அங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள். "பதிவு வேண்டாம், வாடகையில் ஐம்பது யூரோ குறைக்கிறேன்" என்பார்கள். உள்ளூர்க்காரருக்கு அது இலாபமாக இருக்கலாம். வீசாவுக்குப் போகிறவருக்குப் பதிவில்லாத ஒப்பந்தம் பாதி ஒப்பந்தம்தான். வீசா கிடைத்தால் அதன் காலம் நான்கு மாதம். அதற்குள் அங்கே போய், 2023 ஒக்டோபரிலிருந்து இயங்கும் ஐமா என்ற குடிவரவு நிறுவனத்தில் வதிவிட அனுமதி எடுக்க வேண்டும். அங்கேயும் முகவரியைக் கேட்பார்கள். "போனப் பொறகு வேற வீடு பாத்துக்கலாம்" என்ற பேச்சு உடைவது அந்த மேசையில்தான். வேறு வீட்டுக்கு மாறுவது குற்றமல்ல. முதல் வீடு இருந்ததே பொய் என்றாவதுதான் பிரச்சினை.

இனி, நட்டத்தைக் குறைக்கும் வழி. போர்த்துக்கலின் சிவில் சட்டம் நிபந்தனையோடு கூடிய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்கிறது. 'வீசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தைக் காட்டிய இத்தனை நாட்களுக்குள் ஒப்பந்தம் முடிவுக்கு வரும், டெபோசிட் திருப்பித் தரப்படும்' என்று ஒரு வாசகம் சேர்க்கும்படி கேளுங்கள். எல்லா வீட்டுக்காரரும் சம்மதிக்க மாட்டார்கள். லிஸ்பனில் வாடகைக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், ஒரு அறை வீடே ஆயிரம் யூரோவுக்குக் குறைந்து கிடைப்பது அரிது. அதனால் டெபோசிட் முழுவதும் திரும்ப வேண்டாம், ஒரு மாத வாடகையை வைத்துக்கொண்டு மீதியைத் தாருங்கள் என்றும் பேசலாம். லிஸ்பனையும் போர்ட்டோவையும் விட்டு பிராகா, கொய்ம்ப்ரா போன்ற நகரங்களைப் பார்த்தால் வாடகையும் குறைவு, வீட்டுக்காரர் காது கொடுத்துக் கேட்பதற்கும் வாய்ப்பு அதிகம். கணினியில் வேலை செய்பவருக்குத் தலைநகரில் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் என்ன?

திகதியும் பணம்தான். விண்ணப்பத்துக்குத் தீர்மானம் தர அறுபது நாள் என்பது விதி, நடைமுறையில் அதற்கு மேலும் போகும். ஒப்பந்தம் தொடங்கும் நாளை விண்ணப்பிக்கும் நாளோடு வைத்துக்கொண்டால், காணாத வீட்டுக்கு மூன்று மாத வாடகை இங்கிருந்தே கட்ட வேண்டிவரும். தூதரகத்தில் நேரம் கிடைத்த பிறகு திகதியை நிர்ணயித்து, தொடக்க நாளை மூன்று மாதம் தள்ளி வைப்பது நல்லது. முற்பணம் பற்றியும் அங்கே சட்டம் இருக்கிறது. எழுத்தில் இணங்கினாலும் இரண்டு மாதத்துக்கு மேல் வாடகையை முன்கூட்டியே வாங்க முடியாது, டெபோசிட்டும் இரண்டு மாத வாடகைக்கு மேல் போக முடியாது. வெளிநாட்டவர் என்றதும் ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் முன்பணம் கேட்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிக் கேட்பவரிடம் இந்தச் சட்டத்தை மரியாதையாக நினைவூட்டினால், சிலர் இறங்கி வருகிறார்கள்.

பணத்தை எப்படி அனுப்புவது என்பதில் எம் சமூகத்துக்கு ஒரு பழைய நோய் உண்டு, உண்டியல். டுபாயில் ஒருவர், அவர் லிஸ்பனில் ஒருவரிடம் சொல்வார், காலையில் கொடுத்தால் மாலையில் போய்ச் சேரும், வங்கியைவிட வீதமும் நல்லது. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பணம் போனதற்கு உங்கள் பெயரில் ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சாது. தூதரகம் பற்றுச்சீட்டுக் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் ஏமாற்றினால் முறையிட ஆதாரமில்லை. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கும் அது முரண். டொலரில் சம்பளம் வரும் வெளிநாட்டு நாணயக் கணக்கிலிருந்து வங்கி ஊடாக அனுப்புங்கள். ஒப்பந்தப் பிரதியைக் கேட்பார்கள், சில நாள் அலைக்கழிப்பார்கள், கட்டணமும் பிடிப்பார்கள். ஆனால் அந்த அலைச்சலின் முடிவில் கையில் கிடைக்கும் வங்கிச் சீட்டு, கோப்பில் மிகப் பெறுமதியான காகிதங்களில் ஒன்று.

லிஸ்பனில் முகவரி விற்பது ஒரு வியாபாரமாகிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். தெற்காசியர்கள் நிறைந்த மொராரியா பகுதியில் ஒரே வீட்டு இலக்கத்தில் பெருந்தொகையானோர் பதிவு செய்யப்பட்டிருப்பதை அந்நாட்டு ஊடகங்கள் பலமுறை வெளியிட்டிருக்கின்றன. அப்படிப் பெயர் போன ஒரு முகவரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், அதைப் பரிசீலிப்பவருக்கு அந்தத் தெருவின் பெயர் புதிதாக இருக்காது. 2023 பெப்ரவரி 4ஆம் திகதி அந்தப் பகுதியில் புலம்பெயர்ந்தோர் நெருக்கியடித்துத் தங்கியிருந்த ஒரு கட்டடம் தீப்பற்றியதில் இருவர் இறந்தார்கள். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனும் அதில் அடக்கம். விலைக்கு வாங்கிய முகவரியோடு போகிறவருக்கு, உண்மையில் தலைசாய்க்கக் கிடைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட அறைகள்தான்.

டுபாய் நம் ஆட்களுக்குப் பழகிய இடம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே ரிமோட் வேர்க் வீசாவுக்கு மாதம் 3,500 டொலர் வருமானம் கேட்கிறார்கள், விண்ணப்பிக்கும்போதே வாடகை ஒப்பந்தம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே இங்கிருந்தபடி அங்கே வீடு பிடிக்க அவசரப்படத் தேவையே இல்லை. போய் இரண்டு வாரம் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கி, நேரில் பார்த்து எடுக்கலாம். எடுக்கும்போது ஒப்பந்தம் 'இஜாரி' முறையில் பதிவாக வேண்டும். மின்சாரம், தண்ணீர் இணைப்பு முதல் குடும்பத்தை அழைப்பது வரை அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள். நம் பிள்ளைகள் வழமையாகப் போய்ச் சேரும் 'பெட் ஸ்பேஸ்' பற்றிக் கவனம் தேவை. வீட்டுக்காரரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதை 2007ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. கட்டில் வாடகைக்குத் தருபவர் அநேகமாகத் தானே வாடகைக்கு இருப்பவர்தான். அவரை வெளியேற்றும் நாளில் நீங்களும் பெட்டியோடு வீதியில் நிற்பீர்கள்.

மலேசியாவின் டி ரந்தாவ் திட்டம் எம் பகுதிக்கு ஓரளவு எட்டக்கூடியது. கணினித் துறை சார்ந்தவர்களுக்கு வருடம் 24,000 டொலர், அதாவது மாதம் 2,000 டொலர் வருமானம் போதும். ஹலால் உணவுக்கும் பள்ளிவாசலுக்கும் அலைய வேண்டியதில்லை, தமிழும் கேட்கும். அங்கு வாடகை வழக்கம் இரண்டு மாத டெபோசிட், அரை மாதம் மின்சாரம் தண்ணீருக்கு, ஒரு மாதம் முன்வாடகை. ஆக, சாவியை வாங்கும்போது மூன்றரை மாதத் தொகை கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டி முத்திரை பதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை பதிக்காத ஒப்பந்தத்தை அந்நாட்டு நீதிமன்றம் சான்றாக ஏற்காது. டெபோசிட்டைத் திருப்பித் தராத வீட்டுக்காரருக்கு எதிராக வழக்குப் போட நினைக்கும் நாளில்தான் பலர் இதை அறிகிறார்கள்.

ஐரோப்பாவில் ஏற்கனவே குடியேறியிருக்கும் எம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரிலிருந்து யாராவது தங்குமிடப் பொறுப்புக் கடிதம் கேட்டால், உண்மையில் அவரை வீட்டில் தங்கவைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் கையொப்பமிடுங்கள். அது கல்யாண அழைப்பிதழ் அல்ல, வருபவரின் தங்குமிடத்துக்கு நீங்கள் சட்டப்படி பொறுப்பேற்கும் பத்திரம். மறுப்பது கஷ்டமாக இருந்தால் வேறொரு உதவி செய்யலாம். அவர் பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை நேரில் போய், கதவைத் தட்டி, வீட்டுக்காரரோடு பேசி, உள்ளிருந்தபடியே வீடியோ அழைப்பு எடுத்துக் காட்டுங்கள். நான்கு இலட்சம் வாங்கிய எந்த ஏஜெண்டும் செய்யாத வேலை இது. எங்கள் பகுதிப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வாலிபர் சங்கங்களும் எந்த நகரில் எம்மவர் யார் இருக்கிறார் என்று ஒரு பட்டியலை வைத்திருந்தால், இப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்துவிடும். ஜனாஸா அறிவித்தலுக்கு அத்தனை வட்ஸ்அப் குழுக்கள் வைத்திருக்கும் நமக்கு இது பெரிய காரியமல்ல.

எங்கள் ஊர்ப் பிள்ளை விட்டுவிடவில்லை. அடகை மீட்க ஐந்து மாதம் சம்பளத்தைச் சேர்த்தார். பிறகு கொய்ம்ப்ராவில் ஒரு வயதான தம்பதியின் வீட்டின் மேல்மாடியைப் பார்த்துப் பேசினார். அங்கே படிக்கும் ஒரு இலங்கை மாணவர் போய் வீட்டைப் பார்த்து வந்தார், குறியீட்டைப் போட்டு உரிமையாளர் பெயரை நானும் அவரும் சேர்ந்து பார்த்தோம். வீசா மறுக்கப்பட்டால் ஒரு மாத வாடகையை மட்டும் கழித்துக்கொள்வது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். அற்றோணித் தத்துவத்தை இங்கே நொத்தாரிசிடம் எழுதி, வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் விவகாரப் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். அதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, கண்டியிலும் குருநாகலிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. ரம்புக்கனையிலிருந்து இரண்டுமே ஒரு காலைப் பயணம்தான். அவர் குருநாகலுக்குப் போய் வந்தார். கோப்பு இப்போது புதுடில்லியில் இருக்கிறது.